மன்னர் மானியம்: மரியாதையில் தொடங்கிய ஒரு சொல்

சம்பா விதைநெல் வாங்க வேளாண்மை விரிவாக்க மைய வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மானிய விலையில் வேண்டுமென்றால் ஆதார் நகல், சிட்டா நகல், அப்புறம் இன்னொரு நகல். வரிசை நகரவே இல்லை. முன்னால் நின்ற பெரியவர் சலித்துப்போய், "ராஜாவுக்கே மானியத்தை நிறுத்தினவங்க தம்பி, நமக்கு மட்டும் சுளுவா குடுத்துடுவாங்களா?" என்றார். பக்கத்திலிருந்த பையன், "எந்த ராஜா தாத்தா? தஞ்சாவூர் ராஜாவா?" என்று கேட்டான். "வேற எந்த ராஜா!" என்றார் பெரியவர்.

அங்கேதான் அவர் தவறினார். அவர் சொன்னது சமஸ்தான அரசர்களுக்கு இந்திய அரசு தந்து, 1971இல் நிறுத்திய மன்னர் மானியம். தஞ்சாவூர் ராஜாவுக்கு அது ஒருநாளும் கிடைத்ததில்லை. ஆனால் நெல்லுக்கும் ராஜாவுக்கும் ஒரே சொல் எப்படி வந்தது என்று யோசிக்க வைத்துவிட்டார்.

முதலில் மன்னர் மானியத்தின் ஆங்கில மூலச்சொல். 'பிரிவி பர்ஸ்' என்பது இங்கிலாந்து அரண்மனைச் சொல். பிரிவி என்றால் தனிப்பட்டது. பர்ஸ் நமக்குத் தெரிந்த அதே பர்ஸ்தான். அரசாங்கக் கஜானா வேறு, அரசர் தன் கைச்செலவுக்கு வைத்திருக்கும் பணம் வேறு; அந்த இரண்டாவதற்குத்தான் இந்தப் பெயர். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் 'அரசரின் தனிச் சுருக்குப்பை' என்று வரும். நம் ஊர் ஆத்தாக்கள் இடுப்பில் செருகியிருப்பது போல ஒன்று.

இந்தியாவில் அந்தச் சுருக்குப்பைக்கு வேறு பொருள் வந்தது. 1947க்குப் பிறகு சுதேச சமஸ்தானங்கள் ஒவ்வொன்றாக இந்திய ஒன்றியத்தோடு இணைந்தபோது, நாட்டைக் கொடுத்த அரசருக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை தருவதாக ஒப்பந்தம் எழுதினார்கள். தொகைக்குக் கணக்கு இருந்தது. சமஸ்தானத்தின் ஆண்டு வருவாயில் முதல் லட்சத்துக்கு 15 விழுக்காடு, அடுத்த நான்கு லட்சத்துக்கு 10, அதற்கு மேல் ஏழரை, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் என்பது பொது விதி. பெரிய இடங்களுக்கு விலக்கு உண்டு: ஐதராபாத் நிஜாமுக்கு 50 லட்சம், மைசூருக்கு 26 லட்சம். மறுகோடியில் சௌராஷ்டிரத்தின் கடோடியா அரசருக்கு ஆண்டுக்கு 192 ரூபாய். மாதம் பதினாறு ரூபாய் வாங்கிய மகாராஜா! அரசியல் சட்டத்தின் 291ஆம் பிரிவு இந்தத் தொகைக்கு உறுதி அளித்தது. வருமான வரி கிடையாது என்றும் சொன்னது. இந்தக் கடைசி விவரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இதைத் தமிழில் எழுதியவர்கள் 'மன்னர் மானியம்' என்றார்கள். மன்னர் நம்முடைய சொல். மன்னுதல் என்றால் நிலைபெறுதல், நிலைத்திருப்பவன் மன்னன். நிலைக்காமல் போன ஒன்றின் பெயரில் அது தலைப்பாகை கட்டி உட்கார்ந்திருப்பது தனி வேடிக்கை.

மானியம் வடசொல். 'மான்ய' என்றால் மதிக்கத்தக்கது. தன்மானத்தில் இருக்கும் மானம்தான் வேர். (நம் விவசாயிகள் சொல்லும் மானாவாரிக்கும் இதற்கும் உறவில்லை. அது வானத்தைப் பார்த்த நிலம். வானம்தான் பேச்சில் மானம் ஆனது.) ஒருவரை மதித்து, அவருக்கு வரி நீக்கிக் கொடுத்த நிலம் மானியம். விஜயநகர, நாயக்கர் காலக் கல்வெட்டுகளில் 'சர்வமானியம்' என்று வரும். எல்லா வரியும் கழிந்த நிலம் என்று பொருள்.

அதற்கு முன்பு? காவிரிக் கரைக் கோயில் சுவர்களில் தேடினால் விடை கிடைக்கும். சோழர் காலத்துச் சொல் 'இறையிலி'. இறை என்றால் வரி, இலி என்றால் இல்லாதது. இவ்வளவு எளிமையான சொல்லை நாம் எப்படிக் கைவிட்டோம் என்று எனக்கு எப்போதும் ஆச்சரியம். அந்த இறையிலிக்குள் எத்தனை வகை! கோயிலுக்குக் கொடுத்தால் தேவதானம், அந்தணருக்குப் பிரமதேயம், சமண பௌத்தப் பள்ளிகளுக்குப் பள்ளிச்சந்தம். தொழிலுக்கு ஏற்பத் தச்சக்காணி, நட்டுவக்காணி, கோயிலில் மேளம் கொட்டும் உவச்சருக்கு உவச்சக்காணி. போரில் விழுந்தவன் குடும்பத்துக்குக் கொடுத்தது உதிரப்பட்டி. கொடுப்பதற்கு இத்தனை பெயர் வைத்திருந்த மொழி, பின்னால் எல்லாவற்றையும் மானியம், இனாம் என்ற இரண்டு பைகளில் போட்டுக் கட்டிவிட்டது. இனாம் அரபுச் சொல். பரிசு, கொடை என்று பொருள்.

எங்கள் பக்கத்தில் இன்னும் வயல்களுக்கு மானியம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெட்டியான் மானியம், தலையாரி மானியம், கோயில் மேளக்காரருக்கு விட்ட மானியம். ஊருக்கு உழைத்தவருக்குச் சம்பளமாக விட்ட நிலங்கள் இவை. 1963ஆம் ஆண்டுச் சட்டங்களால் இனாம்கள் ஒழிந்து, உடையவரே அரசுக்கு நேராக வரி கட்டும் ரயத்துவாரி நிலங்களாகிவிட்டன. நிலத்துக்கு மட்டும் பெயர் மாறவில்லை. "மானியத்துல நடவு" என்றால் எங்கே போகவேண்டும் என்று ஆட்களுக்குத் தெரியும்.

நிலம் போனதும் சொல் பணத்துக்குத் தாவியது. உர மானியம், விதை மானியம், சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை. பல்கலைக்கழக மானியக் குழுவை இப்போது சிலர் 'நல்கைக் குழு' என்று எழுதுகிறார்கள், நல்ல சொல்தான். மதிப்புக்காகக் கொடுத்தது என்ற பழைய பொருள் தேய்ந்து, அரசாங்கம் இரக்கப்பட்டுக் கொடுப்பது என்ற வாடை ஏறியது இந்தக் கட்டத்தில்தான்.

இனி தஞ்சாவூருக்கு வருவோம். பெயரளவு அரசர் என்ற நிலையை இந்தியாவின் பல சமஸ்தானங்கள் 1947க்குப் பிறகுதான் கண்டன. தஞ்சை அதை 1799லேயே பார்த்துவிட்டது. அந்த ஆண்டு இரண்டாம் சரபோஜி நாட்டு நிர்வாகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். அவருக்கு மிஞ்சியது கோட்டை, ஆண்டுக்கு ஒரு லட்சம் நட்சத்திர வராகன் (அக்காலப் பொன் நாணயம்), நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு. வரி வசூல் இல்லை, படை இல்லை. கிடைத்த ஓய்வில் அந்த மனிதர் செய்ததுதான் இன்றைக்கு நாம் பெருமை பேசும் சரஸ்வதி மகால் சேகரிப்பு, கண் மருத்துவக் குறிப்புகள், அச்சுக்கூடம். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாடக் கடலோரத்தில் மனோரா கோபுரம் எழுப்பியதும் அவரே. தன் நாட்டை வாங்கிக்கொண்டவர்களின் வெற்றிக்கு! அதிகாரம் இல்லாத அரசர் வேறு என்ன செய்வார் என்று சிரிப்பவர்கள் உண்டு. நூலகத்தைப் பார்த்தபிறகு எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

அவர் மகன் சிவாஜி 1855இல் ஆண் வாரிசின்றி இறந்தார். கம்பெனி பட்டத்தையே முடித்துவைத்தது, அரண்மனைச் சொத்தையும் எடுத்துக்கொண்டது. ராணி காமாட்சி பாய் வழக்குப் போட்டார். அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் (அதே பிரிவிதான்) 1859இல், இது அரசின் செயல், நீதிமன்றம் கேள்வி கேட்க முடியாது என்று கைவிரித்தது. பிறகு 1862இல் அரசே இரக்கப்பட்டு, ராஜாவின் தனிச் சொத்துகளை ராணிகளிடம் திருப்பித் தர உத்தரவிட்டது.

ஆக 1947 வந்தபோது தஞ்சையில் இணைப்பதற்குச் சமஸ்தானமே இல்லை. இணைப்பு இல்லை என்றால் மன்னர் மானியமும் இல்லை. பெரியவரின் கணக்கு இங்கேதான் தப்பியது. பாப்பாநாடு, கந்தர்வக்கோட்டை ஜமீன்களையும் சிலர் இதில் சேர்த்துக்கொள்வார்கள், அதுவும் தவறு. ஜமீன்தார் வரி வசூலிக்கும் நிலவுடைமையாளர். அவர்களுக்குக் கிடைத்தது 1948ஆம் ஆண்டு ஒழிப்புச் சட்டப்படியான இழப்பீடு.

இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் இருந்த ஒரே முழுச் சமஸ்தானம் டெல்டாவுக்குத் தென்மேற்கே ஒட்டியிருக்கும் புதுக்கோட்டை. ராஜகோபாலத் தொண்டைமான் ஆறு வயதில், 1928இல் பட்டத்துக்கு வந்தவர். 1948 மார்ச் 3 அன்று சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. அந்த வயதில் நம்மில் பலருக்கு முதல் வேலையே கிடைத்திருக்காது. அவருக்குப் பணி ஓய்வு. திருமணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்து 1997இல் மறைந்தார். அவருடைய அரண்மனையில் இன்று கலெக்டர் அலுவலகம் நடக்கிறது. பட்டா மாறுதலுக்கு மனு கொடுக்கப் போகிறவர்கள் ராஜா நடந்த தாழ்வாரத்தில்தான் வரிசை நிற்கிறார்கள்.

மானியம் ஒழிந்த கதை சுருக்கமானது, ஆனால் ருசியானது. 1970இல் இந்திரா காந்தி அரசு கொண்டுவந்த அரசியல் சட்டத் திருத்த மசோதாவுக்கு மாநிலங்களவையில் ஆதரவு 149, எதிர்ப்பு 75. மூன்றில் இரண்டு பங்குக்குத் தேவை 149.33. மூன்றில் ஒரு பங்கு ஓட்டில் தோற்றது! உடனே குடியரசுத் தலைவர் உத்தரவு மூலம் அரசர்களின் அங்கீகாரத்தை நீக்கினார்கள். உச்ச நீதிமன்றம் அந்த டிசம்பரிலேயே அது செல்லாது என்றது. அடுத்த ஆண்டு தேர்தலில் பெரும்பான்மையோடு வந்து, 26ஆம் திருத்தத்தை நிறைவேற்றினார்கள். 1971 டிசம்பரோடு தொகையும் போனது, சட்டத்தில் 'அரசர்' என்ற அங்கீகாரமும் போனது. நாளிதழ்களில் அவர்கள் 'மாஜி மன்னர்கள்' ஆனார்கள். மாஜி, கடந்தது என்ற பொருளுள்ள அரபுச் சொல், மராத்தியிலும் உண்டு. முன்னாள் என்ற தமிழ் இருக்கும்போது அது தேவையில்லை.

சரி, மன்னர் மானியத்துக்கு நேர்த் தமிழ் என்ன? 'மன்னர் நல்கை' என்று எழுதலாம். எனக்கு ஒப்பவில்லை. நல்குதல் மனம் கனிந்து கொடுப்பது. இதுவோ நாட்டை வாங்கிக்கொண்டு எழுதிக்கொடுத்த ஒப்பந்தத் தொகை. பஞ்சப்படி, பயணப்படி மாதிரி 'மன்னர் ஈட்டுப்படி' என்றால் பொருள் சரியாக விழும். கொடுத்ததற்கு ஈடாக வந்த படி. ஆனால் மானியம் என்று எழுதியவரை முழுக்கக் குறைசொல்லவும் முடியாது. வருமான வரி இல்லாத தொகை என்ற வகையில் அது பழைய மானியமேதான், சுத்தமான இறையிலி. பிரச்சினை, உர மானியத்தோடு வளர்ந்த காதுக்கு அந்தப் பொருள் கேட்பதில்லை என்பதுதான். பணம் நின்றுபோனது நியாயம் என்றே நினைப்பவன் நான். இருந்தாலும் அது சும்மா வந்த பணம் என்ற எண்ணத்தில் இந்தச் சொல்லுக்கும் ஒரு பங்கு உண்டு.

மானியமே கிடைக்காத தஞ்சை அரச குடும்பத்துக்கு இன்றும் ஒன்று இருக்கிறது. அரண்மனை தேவஸ்தானத்தின் 88 கோயில்களுக்கு அவர்கள் பரம்பரை அறங்காவலர்கள். பெரிய கோயிலும் புன்னைநல்லூர் மாரியம்மனும் அதில் சேர்த்தி. ஆட்சி இல்லை, படி இல்லை. சன்னதியில் மரியாதை உண்டு. 'மான்ய' என்ற சொல்லுக்கு அகராதி முதலில் சொல்லும் பொருளும் அதுதான்.

விதைநெல் ஒருவழியாகக் கிடைத்தது. ரசீதில் மானியம் கழித்த தொகை தனி வரியாக அச்சாகியிருந்தது. பெரியவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, அந்த ஒரு வரியை மட்டும் இரண்டு தடவை படித்தார். பிறகு மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார்.