பள்ளிகள் மீண்டும் நீண்ட காலம் மூடப்பட்டால்: இங்கிலாந்தின் சைல்ட்மைண்டர்கள் இப்போதே பார்த்து வைக்க வேண்டியவை

2020 மார்ச் 20ஆம் திகதி வெள்ளிக்கிழமை மாலை இங்கிலாந்தின் பள்ளிகள் கொரோனாவுக்காக மூடப்பட்டபோது, வீட்டில் வைத்துப் பிள்ளை பராமரிக்கும் சைல்ட்மைண்டர்களை முழுவதுமாக மூடும்படி அரசு சொல்லவில்லை. அத்தியாவசியப் பணியாளர்களின் பிள்ளைகளையும், பாதுகாப்பு அக்கறை தேவைப்படும் பிள்ளைகளையும் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னது. மே 13 முதல், அத்தகைய பிள்ளைகள் எவரையும் வைத்திராத சைல்ட்மைண்டர் ஒரே ஒரு வீட்டுப் பிள்ளைகளைப் பார்க்கலாம் என்றும், ஜூன் 1 முதல் எல்லோரையும் ஏற்கலாம் என்றும் விதி மாறியது. 2021 ஜனவரியில் பள்ளிகள் மறுபடியும் மூடப்பட்டபோதோ, சைல்ட்மைண்டர்கள் பள்ளி வயதை எட்டாத பிள்ளைகள் எல்லோருக்கும் திறந்திருக்கலாம் என்றார்கள். ஆனால் வீட்டிலிருந்தே வேலை செய்த பெற்றோர் பலர் பிள்ளைகளை அனுப்பவில்லை. சட்டப்படி திறந்திருக்கிறது, உண்மையில் வருமானம் இல்லை என்ற இந்த இடைநிலைதான் அந்தக் காலத்தில் நம் பெண்களை அலுவலகம் அலுவலகமாக அலைய வைத்தது. மூடப்பட்ட தொழிலுக்கென்று எழுதப்பட்ட படிவத்தில் திறந்திருப்பவருக்கு இடம் இருக்கவில்லை.

இங்கே எழுதியிருப்பது இங்கிலாந்துக்கு மட்டுமே பொருந்தும். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் பதிவும் விதிகளும் வேறு. கொரோனாக் கால உதவித் திட்டங்கள் எல்லாம் முடிந்துவிட்டன. ஆயினும் அவற்றில் யார் எதனால் விடுபட்டார்கள் என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம், ஏனென்றால் நாளை இன்னொரு தொற்று வந்து அரசு அவசரமாக ஓர் உதவியை அறிவித்தால், அதுவும் ஏற்கெனவே கையிலிருக்கும் வரிக் கணக்குகளையே அளவுகோலாகக் கொள்ளும் என்று எண்ணித்தான் நாம் ஆயத்தமாக வேண்டும்.

சுயதொழில் செய்வோருக்கான வருமான உதவித் திட்டத்தின் முதல் கொடுப்பனவு, சராசரி மாத இலாபத்தின் 80 வீதத்தை மூன்று மாதங்களுக்குச் சேர்த்துக் கொடுத்தது. உச்சவரம்பு 7,500 பவுண். இதில் இலாபம் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பெற்றோர் கொடுத்த பணம் வேறு, வரிக் கணக்கில் காட்டிய இலாபம் வேறு. சைல்ட்மைண்டருக்கென்று வரித் திணைக்களம் அனுமதித்திருந்த கழிவுகள் தாராளமானவை: முழுநேரம் வேலை செய்பவர் மின்சாரம், எரிவாயுச் செலவில் மூன்றிலொரு பங்கையும், வாடகை, தண்ணீர், கவுன்சில் வரி ஆகியவற்றில் பத்திலொரு பங்கையும், வீட்டுப் பொருட்களின் தேய்மானத்துக்கு வருமானத்தில் பத்திலொரு பங்கையும் கழிக்க முடிந்தது. கழித்தது குற்றமே இல்லை. ஆனால் உணவு, விளையாட்டுப் பொருட்கள், காப்புறுதி என்று எல்லாம் போன பின் எஞ்சும் சிறு தொகையின் 80 வீதம்தான் கையில் வந்தது. சட்டம் அனுமதிக்கும் கழிவை விடச் சொல்லவில்லை. உங்கள் வரிக் கணக்கின் கடைசி வரியில் நிற்கும் எண்தான், நெருக்கடி வந்தால் உங்கள் சம்பளமாகக் கருதப்படும் எண் என்பதை அறிந்து, அதற்கேற்பக் கையிருப்பு வைத்திருங்கள்.

அந்தத் திட்டத்தில் நம்மவர் அதிகம் சிக்கிய இடங்கள் இன்னும் சில. மொத்த வருமானத்தில் பாதியாவது சுயதொழிலிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது விதி. மதிய நேரத்தில் பள்ளியிலோ மாலையில் கடையிலோ சம்பளத்துக்கு வேலை செய்தவரின் சம்பளம், கழிவுகள் போன பின் நின்ற சைல்ட்மைண்டிங் இலாபத்தைவிடக் கூடுதலாக இருந்தால் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு தொழில் தொடங்கியவருக்கு 2018-19 வரிக் கணக்கே இல்லாததால் முதல் மூன்று கொடுப்பனவுகளும் மறுக்கப்பட்டன. 2019-20 கணக்கை 2021 மார்ச் 2க்குள் அனுப்பியிருந்தால் மட்டும் நான்காவதில் இடம் கிடைத்தது. மகப்பேற்றுக்காக ஒரு வருடம் வேலையை நிறுத்தியிருந்தவருக்கு அந்த வெற்று வருடமும் சராசரியில் சேர்ந்து தொகையைக் குறைத்தது. பிள்ளை பெற்றதற்காக ஒரு பெண்ணின் உதவியைக் குறைப்பது எந்த வகையில் நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கணக்காளர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார் என்று இருந்தவர்களும் தாமதித்தார்கள். அந்த விண்ணப்பத்தைக் கணக்காளர் செய்ய முடியாது. உரியவரே தன் அரசு இணையக் கணக்குக்குள் சென்று செய்ய வேண்டியிருந்தது. கடவுச்சொல் கணக்காளரிடம், கைத்தொலைபேசி எண் பழையது என்ற நிலையில் பலர் நின்றார்கள். உங்கள் பெயரில் உள்ள கணக்குக்குள் நீங்களே நுழைய முடிகிறதா என்பதை இந்த வாரமே பாருங்கள். வரிக் கணக்கையும் ஜனவரி 31 வரை இழுக்க வேண்டாம்; வரி வருடம் ஏப்ரல் 5இல் முடிகிறது, மறுநாள் முதலே அனுப்பலாம்.

விசாவில் இருப்பவர்கள் இன்னொரு அச்சத்தால் பின்வாங்கினார்கள். பொது நிதி பெறக்கூடாது என்ற நிபந்தனை விசாவில் இருந்தால் எந்த அரசு உதவியையும் தொடக்கூடாது என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். சுயதொழில் வருமான உதவி அந்த நிபந்தனையில் சொல்லப்படும் பொது நிதிக்குள் வரவில்லை. குறைந்த வருமானத்தாருக்கான மாதாந்த அரசு உதவித்தொகையான யுனிவர்சல் கிரெடிட் அதற்குள் வரும். ஒவ்வொரு உதவிக்கும் இதைத் தனித்தனியாகக் கேட்டறிய வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே பதில் சொல்பவரை நம்பி விண்ணப்பிக்கவும் வேண்டாம், விண்ணப்பிக்காமல் விடவும் வேண்டாம்.

சிறு தொழில்களுக்கு 10,000 பவுண் என்று 2020இல் பெரிதாக அறிவிக்கப்பட்ட உதவி, தொழிற்கட்டட வரியோடு பிணைக்கப்பட்டிருந்தது. வீட்டில் தொழில் நடத்தும் சைல்ட்மைண்டர் கட்டுவது சாதாரண கவுன்சில் வரி என்பதால் அவர் அந்தப் பட்டியலிலேயே இல்லை. பின்னர் கவுன்சில்கள் தம் விருப்பப்படி பகிர்ந்துகொடுக்க ஒரு நிதி வந்தது. யாருக்குக் கொடுப்பது என்பதை ஒவ்வொரு கவுன்சிலும் தானே தீர்மானித்தது. கவுன்சிலைக் கேட்டால் மத்திய அரசு என்றார்கள், மத்திய அரசின் உதவி எண்ணில் கேட்டால் கவுன்சில் என்றார்கள். இப்படி நடக்கும்போது தொலைபேசியில் கேட்பதை நிறுத்திவிட்டு மின்னஞ்சலுக்கு மாறுங்கள். எந்த நிதிக்கு, எந்த விதியின் கீழ் எனக்குத் தகுதியில்லை என்று எழுத்தில் தரும்படி ஒற்றைக் கேள்வியாகக் கேளுங்கள். எழுத்தில் மறுக்க வேண்டி வரும்போதுதான் பல அலுவலர்கள் விதியை ஒருமுறை எடுத்துப் படிக்கிறார்கள்.

அடுத்தது பெற்றோருடனான ஒப்பந்தம். எந்தக் காரணத்தால் மூடினாலும் முழுக் கட்டணமும் செலுத்த வேண்டும் என்ற வாசகத்தை எழுதி வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் பலர். சட்டத்தால் வழங்க முடியாமற்போன சேவைக்குப் பணம் கேட்பது நுகர்வோர் சட்டப்படி நியாயமற்ற நிபந்தனையாகக் கருதப்படலாம் என்று போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் 2020இல் தெளிவாகவே எச்சரித்தது. ஆகவே ஒப்பந்தத்தில் மூன்று நிலைகளைப் பிரித்து எழுத வேண்டும்: நீங்கள் திறந்திருந்தும் பெற்றோர் பிள்ளையை அனுப்பாத நிலை, உங்கள் வீட்டில் நோய் வந்து நீங்கள் மூடும் நிலை, அரசு உத்தரவால் மூடும் நிலை. முதலாவதில் கட்டணம் கேட்பதற்கான நியாயம் வலுவானது. மற்ற இரண்டிலும் இடத்தைத் தக்கவைப்பதற்கான ஒரு சிறு தொகையைப் பெற்றோரின் சம்மதத்தோடு பேசி எழுதுவதே நிற்கும். நெருக்கடி வந்த பிறகு வாட்சப்பில் பேசிக்கொண்ட உடன்பாடுகள் மனத்தாங்கலில்தான் முடிந்தன.

ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு அரசின் செலவில் கிடைக்கும் இலவசப் பராமரிப்பு மணித்தியாலங்களுக்குரிய பணத்தை, பிள்ளை வராவிட்டாலும் தொடர்ந்து கொடுக்கும்படி 2020 வசந்த காலத்தில் கவுன்சில்களிடம் அரசு சொன்னது. அது பெரிய ஆறுதல். ஆனால் பள்ளி விட்ட பின் வரும் பெரிய பிள்ளைகளின் கட்டணம் முழுக்கப் பெற்றோரின் பணம் என்பதால், அவர்களை நம்பி நடத்தியவர்களுக்கு ஒரே நாளில் எல்லாம் நின்றது. உதவியாளரைச் சம்பளத்துக்கு வைத்திருந்தவர்களுக்கு வேறொரு சிக்கல் வந்தது: இலவச மணித்தியாலப் பணம் தொடர்ந்து வந்த அளவுக்கு, அந்த உதவியாளரின் சம்பளத்துக்கு அரசின் சம்பள உதவியைக் கேட்க முடியாது என்று 2020 ஏப்ரலில், அறிவித்து சில வாரங்கள் போன பின், விளக்கம் சொன்னார்கள். வேலை செய்யும் பெற்றோருக்கான கூடுதல் இலவச மணித்தியாலத்தை அவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இணையத்தில் மீள உறுதிசெய்ய வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது; குழப்பமான காலத்தில் பெற்றோர் இதைத்தான் முதலில் மறக்கிறார்கள், இழப்போ உங்களுக்கு. அந்தத் திகதியை உங்கள் நாட்காட்டியிலும் குறித்து வையுங்கள்.

மிகச் சிலரே முன்கூட்டி யோசிக்கும் சிக்கல் பிள்ளைகளின் எண்ணிக்கை. ஒரு சைல்ட்மைண்டர் ஒரே நேரத்தில் எட்டு வயதுக்குட்பட்ட ஆறு பிள்ளைகளுக்கு மேல் பார்க்கக்கூடாது. அவர்களில் மூவர் மட்டுமே இளம் பிள்ளைகளாகவும், ஒருவர் மட்டுமே ஒரு வயது நிரம்பாதவராகவும் இருக்கலாம் என்பது பொது விதி. ஐந்து வயது நிறைந்த பின் வரும் செப்டெம்பர் 1 வரை ஒரு பிள்ளை இளம் பிள்ளையாகவே எண்ணப்படும். உங்கள் சொந்தப் பிள்ளைகளும் இந்தக் கணக்கில் சேர்வார்கள். பள்ளி நாளில் வெளியே இருக்கும் உங்கள் ஆறு வயது மகள், பள்ளி மூடிய நாள் முதல் ஓர் இடத்தை எடுத்துக்கொள்வாள். பள்ளிக்கு முன்னும் பின்னும் மட்டும் வந்த நான்கு வயதுப் பிள்ளையை முழுநாளும் வைத்திருக்கும்போது, மூன்று இளம் பிள்ளைகளுக்கு மேலாக அந்தப் பிள்ளையையும் வைத்திருக்க அதுவரை இடம் தந்த விலக்கு பொருந்தாமல் போகலாம். அவசர காலம்தானே என்று கூட ஒரு பிள்ளையை ஏற்றுவிட்டு விபத்து நேர்ந்தால், காப்புறுதி நிறுவனம் கையை விரிக்கக்கூடும். தளர்வு உண்டா என்று, சைல்ட்மைண்டர்களைப் பதிவுசெய்து கண்காணிக்கும் ஆஃப்ஸ்டெட்டிடம் எழுத்தில் கேட்டு, பதிலை வைத்துக்கொண்டு ஏற்றுக்கொள்ளுங்கள். அதே காப்புறுதியில் வருமான இழப்புக்கு ஏதாவது உண்டா என்றும் இப்போதே வாசியுங்கள். பிள்ளைக்கு ஏற்படும் காயத்துக்கான பொறுப்பும், வருமானம் நின்றதற்கான ஈடும் வெவ்வேறு காப்புகள்.

வேலையில்லாத மாதங்களில் மனம் வெறுத்துப் பதிவை ரத்துச் செய்ய வேண்டாம். வருடக் கட்டணம் சிறியது. மறுபடி பதிய வேண்டுமானால் வீட்டிலுள்ள பதினாறு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் பின்னணிச் சோதனை தொடங்கி எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். தொழிலைத் தொடர்கிறார் என்பதே 2020 உதவியின் அடிப்படை நிபந்தனையாகவும் இருந்தது.

நீங்களே நோயுற்றால், சம்பளத்தோடு கூடிய சட்டபூர்வ நோய்க்கால விடுப்பு சுயதொழிலாளருக்கு இல்லை. இரண்டாம் வகுப்புத் தேசிய காப்புறுதிப் பங்களிப்பை வைத்து, நோயால் வேலை செய்ய முடியாதவருக்கான புதிய முறை உதவித்தொகையைக் கேட்கலாம். கழிவுகளால் உங்கள் இலாபம் குறைந்தபட்ச எல்லைக்குக் கீழே போயிருந்தால் அந்தப் பங்களிப்பு தானாகப் பதிவாகாது. விரும்பிச் செலுத்தினால்தான் பதிவாகும். தொகை சிறியது, விட்டால் வரும் இழப்பு பெரியது.

யுனிவர்சல் கிரெடிட்டில், தொடங்கி ஒரு வருடம் தாண்டிய சுயதொழிலாளர் குறைந்தபட்சக் கூலி அளவுக்கு உழைத்ததாகவே கருதப்படுவார். உண்மையில் ஒரு பவுணும் வராத மாதத்திலும் அந்தக் கற்பனை வருமானம் கணக்கில் எடுக்கப்படும். 2020 மார்ச்சில் இந்த விதியை நிறுத்தி வைத்தார்கள், பிறகு திரும்பக் கொண்டுவந்தார்கள். அடுத்த முறை நிறுத்தப்படும் வரை அது உண்டு என்றே கணக்கிடுங்கள். மூன்று மாதத்துக்கான சுயதொழில் உதவி ஒரே மாதத்தில் வந்தபோது அதை அந்த மாத வருமானமாக எடுத்துக்கொண்டதால், பலரின் கிரெடிட் அந்த மாதம் குறைந்தோ நின்றோ போனது. 16,000 பவுணுக்கு மேல் சேமிப்பிருந்தால் தகுதியில்லை. ஆனால் தொழிலுக்குரிய பணம் அந்தக் கணக்கில் சேராது என்பதால், தொழிற்பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்திருப்பவரால்தான் அதை நிரூபிக்க முடிந்தது. மாதாந்த வரவு செலவை உரிய நாளில் அறிவிக்காவிட்டால் கொடுப்பனவு தடைப்படும்.

யுனிவர்சல் கிரெடிட் பற்றிய முடிவு தவறு என்று தோன்றினால், முடிவுத் திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் ‘கட்டாய மறுபரிசீலனை’ (mandatory reconsideration) கோர வேண்டும். இணையக் குறிப்பேட்டில் கேள்வி கேட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது மறுபரிசீலனை கோரியதாக ஆகாது. அந்தச் சொல்லையே எழுதி, எந்தத் திகதியிட்ட முடிவு, ஏன் தவறு என்பதைக் குறிப்பிட்டு அனுப்பி, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள். எழுதுவதற்குத் தயக்கமாக இருந்தால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் நிலையம் இலவசமாக உதவும். நெருக்கடிக் காலத்தில் அங்கும் வரிசை நீளும் என்பதால், முடிவுக் கடிதம் வந்த நாளிலேயே நேரம் கேளுங்கள்.