பயம் வேற, பதட்டம் வேற: கொலனோஸ்கோபி டேபிள்ல வலியைக் கூட்டுறது யாரு?

போன மாசம் தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க ராத்திரி பத்து மணிக்கு போன் பண்ணாங்க. டாக்டர் கொலனோஸ்கோபி பண்ணணும்னு எழுதிக் கொடுத்துட்டார், பத்து நாள் கழிச்சுதான் தேதி, எழுதிக் கொடுத்த அன்னைலேர்ந்து தூக்கமே இல்லையாம். "வலிக்காதும்மான்னு டாக்டர் சொல்றார், பண்ணிக்கிட்டவங்களும் அதையேதான் சொல்றாங்க, ஆனா நெனச்சாலே அடிவயித்துல புளியைக் கரைக்குதுடா. இப்படி பயந்துக்கிட்டே போய்ப் படுத்தா வலி ஜாஸ்தியாகுமா?"ன்னு கேட்டாங்க.

"ஒண்ணும் ஆகாதுக்கா, தைரியமா போங்க"ன்னு சொல்லிட்டு வெச்சிருக்கலாம். ஆனா அவங்க கேட்டது ரொம்ப சரியான கேள்வி, அதுக்கு நரம்பியல்ல நல்ல பதில் இருக்கு, எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயமும் கூட. ஆமா, ஜாஸ்தியாகும். எந்த வழியா ஜாஸ்தியாகுதுன்னு தெரிஞ்சா குறைக்கிற வழியும் அதுலயே இருக்கு.

முதல்ல டெஸ்ட்டைப் பத்தி வேகமா சொல்லிடறேன். பெருங்குடல் கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் நீளம். ஆசனவாய் வழியா சுண்டுவிரல் தடிமன்ல வளையக்கூடிய ஒரு ட்யூப் உள்ள போகுது, நுனில கேமராவும் லைட்டும் இருக்கும், ட்யூபுக்குள்ளயே ஒரு சின்ன பாதை இருக்கு, அது வழியா கம்பி வளையத்தை விட்டு பாலிப்னு சொல்ற சதை வளர்ச்சியை அறுத்து எடுத்துடலாம். 1969ல நியூயார்க்ல வில்லியம் வுல்ஃப், ஹிரோமி ஷின்யான்னு ரெண்டு சர்ஜன்கள் பாலிப்பை இப்படி எடுக்கிறதை ஆரம்பிச்சு வெச்சாங்க, அதுக்கு முன்னாடி குடல்ல கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கிற பாலிப்பை எடுக்கணும்னா வயித்தைத் திறக்கணும். பாலிப் புற்றுநோயா மாறப் பொதுவா பத்து வருஷம் கிட்ட ஆகும், அதுக்குள்ள எடுத்துட்டா அந்த பாலிப்போட கதை அங்கயே முடிஞ்சுது. டெஸ்ட்டுக்கு முன்னாடி குடிக்கச் சொல்ற பேதி மருந்து பெரும்பாலும் பாலிஎதிலீன் க்ளைக்கால். குடலால உறிஞ்ச முடியாத பெரிய மூலக்கூறு அது, தண்ணியைப் புடிச்சு வெச்சுக்கிட்டு குடலைக் கழுவிக்கிட்டே வெளிய போயிடும்.

வலிக்கு வருவோம். குடலோட உள்சுவர்ல கத்தி வெச்சா வலிக்காது. பாலிப்பை அறுக்கிறப்பவும் தெரியாது, கரண்ட் வெச்சு சுட்டாலும் தெரியாது. இந்த டெஸ்ட்டுல அந்த நரம்புகளுக்கு முக்கியமாப் புரியிற பாஷை இழுவைதான். காத்து அடிச்சு குடல் உப்பினா தெரியும், சிக்மாய்டுன்னு சொல்ற எஸ் மாதிரி வளைஞ்ச பகுதில ட்யூப் சுருண்டு குடலையும் அதைத் தாங்கிப் புடிச்சிருக்கிற சவ்வையும் இழுத்தா நல்லாவே தெரியும். அதுவும் விரல்ல முள்ளு குத்தின மாதிரி 'இங்கதான்'னு கை வெச்சுக் காட்ட முடியாது, ஏன்னா தண்டுவடத்துக்கு வர்ற உணர்ச்சி நரம்புகள்ல உள்ளுறுப்புக்குன்னு இருக்கிறது பத்து சதவீதத்துக்கும் கீழ, அந்தக் கொஞ்சமும் மேலயும் கீழயுமா பல அடுக்குகள்ல பரவிப்போய்ச் சேருது. அதனால மூளைக்குக் கெடைக்கிறது ஒரு மங்கலான சேதி, 'கீழ எங்கயோ எதுவோ சரியில்ல'. இந்த மங்கல்தான் பதட்டத்துக்கு நல்ல இடம் கொடுக்குது.

இனிமேதான் எனக்குப் புடிச்ச பகுதி. வலின்னா ஏதோ குடல்லேர்ந்து மூளைக்கு ஒரு ஒயர் போகுது, அதுல கரண்ட் வந்தா வலிக்கும்னுதான் நாம நெனச்சுக்கிட்டு இருக்கோம். ஆனா மூளைலேர்ந்து கீழ்நோக்கியும் ஒயர் வருது. நடுமூளைல ஒரு பகுதி, அதுலேர்ந்து மூளைத்தண்டோட அடில இருக்கிற ஒரு சின்ன திட்டு, அந்தத் திட்டுலேர்ந்து தண்டுவடம் முழுக்க நரம்பு இறங்குது, வலி சேதி உள்ள நுழையிற வாசல்லயே போய் நின்னுக்கிட்டு 'இதை விடு', 'இதை அமுக்கு', 'இதைப் பெருசாக்கி அனுப்பு'ன்னு உத்தரவு போடுது.

1980கள்ல ஹோவர்ட் ஃபீல்ட்ஸ், மேரி ஹெய்ன்ரிக்கர் இவங்கெல்லாம் எலிகளோட அந்தத் திட்டுல ரொம்ப மெல்லிசான எலக்ட்ரோடை வெச்சு ஒவ்வொரு செல்லோட மின்துடிப்பையும் தனித்தனியா கேட்டாங்க. எலி லேசான மயக்கத்துல இருக்கு, வால்ல சூடான வெளிச்சம் விழுது, சூடு ஏறி ஏறி ஒரு கட்டத்துல வாலைச் சட்டுன்னு இழுத்துக்கும். அப்ப ஒரு வகை செல் வாலை இழுக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி படபடன்னு வெடிக்குது, இன்னொரு வகை அதே நேரத்துல கப்புன்னு வாயை மூடிக்குது. முதல் வகைக்கு ஆன் செல்னும் ரெண்டாவதுக்கு ஆஃப் செல்னும் பேர் வெச்சாங்க. ஆன் செல் வலியைத் தூக்கிவிடும், ஆஃப் செல் அமுக்கும். மார்ஃபின் கொடுத்தா ஆன் செல் அமைதியாகி ஆஃப் செல் விடாம ஓடிக்கிட்டே இருக்கு, வால் அசையவே மாட்டேங்குது. அதாவது நம்ம ரேடியோவுக்கு வால்யூம் இருக்கிற மாதிரி வலிக்கும் ஒரு திருகு இருக்கு, அது ரெண்டு பக்கமும் திரும்பும், திருப்புற கை மூளைக்குள்ளயே இருக்கு. குடல் இழுவையால வர்ற வலி சேதியும் இந்தத் திருகு வழியாத்தான் போகுதுன்னு பின்னாடி வந்த ஆய்வுகள் காட்டிச்சு.

பதட்டம் இந்தத் திருகை எப்படித் தொடுது? இதுல கோலிசிஸ்டோகைனின்னு ஒரு மூலக்கூறு வருது. ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க, கொழுப்பு சாப்பிட்டா பித்தப்பையை சுருங்க வைக்கிற ஹார்மோன். அதே மூலக்கூறு மூளைலயும் இருக்கு, அங்க அது ஆன் செல்லைத் தட்டி எழுப்புது. இத்தாலில டூரின்ல ஃபாப்ரிசியோ பெனடெட்டி குழு 2006ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. வலி கூடப்போகுதுன்னு ஆட்களை நம்ப வெச்சப்ப பதட்டமும் கூடிச்சு, வலியும் கூடிச்சு. பதட்டத்தைக் குறைக்கிற டயஸெபாம் மருந்தைக் கொடுத்தா ரெண்டும் அடங்கிச்சு. கோலிசிஸ்டோகைனினை மட்டும் தடுக்கிற ப்ரோக்ளுமைடுங்கிற மருந்தைக் கொடுத்தா, இதைத்தான் கவனிக்கணும், பதட்டம் அப்படியே இருக்கு, வலி மட்டும் கூடல. பதட்டத்துக்கும் வலிக்கும் நடுவுல போற ஒயரை மட்டும் தனியாக் கத்தரிச்சுப் பாத்துட்டாங்க! இதைப் படிச்ச அன்னைக்கு நான் வேற வேலையே பாக்கல.

இன்னொண்ணும் சொல்லியாகணும். 2011ல உல்ரிக்கே பிங்கல் குழு, 22 பேருக்கு கால்ல சூடு வெச்சு வலிக்கு நூத்துக்கு எவ்வளவுன்னு மார்க் போடச் சொன்னாங்க, சராசரி 66. சொல்லாம கொள்ளாம ரெமிஃபென்டனில்ங்கிற பலமான வலிநிவாரணியை ட்ரிப்ல ஏத்தினாங்க, 55க்கு இறங்கிச்சு. 'இப்பதான் மருந்து ஏத்தறோம்'னு சொன்னாங்க, மருந்தோட அளவு அதேதான், ஆனா வலி 39. அப்புறம் 'மருந்தை நிறுத்திட்டோம்'னு சொன்னாங்க, உண்மைல நிறுத்தல, அதே அளவு ஏறிக்கிட்டுதான் இருந்துச்சு, வலி 64க்குப் போயிடுச்சு. ரத்தத்துல மருந்து ஓடிக்கிட்டு இருக்கு, எதிர்பார்ப்பு அதைத் தூக்கிப் போட்டுருச்சு. கொலனோஸ்கோபிக்கு செடேஷன் (லேசா மயக்குற மருந்து) கொடுக்கிறாங்களே அப்புறம் என்னத்துக்குப் பதட்டத்தைப் பத்திக் கவலைன்னு கேக்கறவங்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

சரி, அக்கா 'பயந்துக்கிட்டே'ன்னு சொன்னாங்க இல்ல, அங்க ஒரு சின்ன திருத்தம் இருக்கு. 2000த்துல ரூடி, மீகர்னு ரெண்டு பேர் பண்ண ஆய்வுல ஒரு குழுவுக்கு நெஜமாவே எதிர்பாக்காம ஷாக் கொடுத்தாங்க, இன்னொரு குழுவுக்கு ஷாக் வரும் வரும்னு சொல்லியே உக்கார வெச்சாங்க, கொடுக்கவே இல்ல. அப்புறம் ரெண்டு குழுவோட வலி தாங்குற எல்லையையும் அளந்தா, ஷாக் வாங்கினவங்களுக்கு வலி கம்மியா தெரியுது, வரும்னு காத்திருந்தவங்களுக்கு ஜாஸ்தியா தெரியுது. அதாவது ஆபத்து கண்ணு முன்னாடி வந்துட்டா அது பயம், உடம்பு ஓடத் தயாராகுது, அப்ப வலியைப் பாத்துக்கிட்டு நிக்க நேரமில்ல, திருகு கீழ இறங்குது. ஆபத்து எப்ப வரும், எப்படி வரும்னு தெரியலன்னா அது பதட்டம், உடம்பு காதைத் தீட்டிக்கிட்டு உக்காருது, சின்ன சத்தமும் பெருசா கேக்கணும்னு திருகை மேல ஏத்துது. மோசம் பண்றது நிச்சயமில்லாமைதான்.

இப்ப கொலனோஸ்கோபியை யோசிச்சுப் பாருங்க, பதட்டத்துக்குன்னே செஞ்சு வெச்ச மாதிரி இருக்கு. பத்து நாள் காத்திருப்பு, அப்புறம் சாப்பாடு கட், ராத்திரி மருந்து, காலைல மறுபடி மருந்து, ஓட்டம், அப்புறம் பின்பக்கம் திறந்த கவுனைப் போட்டுக்கிட்டு வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கணும், கூச்சம் வேற, இது போதாதுன்னு ரிசல்ட்ல என்ன வருமோங்கிற கவலை. பதட்டம் மூளைலேர்ந்து சிஆர்எஃப்ங்கிற ஹார்மோனைக் கெளப்பும், அது இரைப்பை காலியாகிறதை மெதுவாக்கும், பெருங்குடலை வேகமா முறுக்கும். 'வயித்தைக் கலக்குது'ன்னு நாம சொல்றது அப்பட்டமான உண்மை. கலங்கி முறுக்கிக்கிட்டு இருக்கிற குடலுக்குள்ள ட்யூப் போறது டாக்டருக்கும் கஷ்டம்தான்.

எனக்கு சில வருஷம் முன்னாடி பண்ணப்ப லேசான செடேஷன்தான். இடது பக்கமா ஒருக்களிச்சு, முழங்காலை நெஞ்சு பக்கம் மடக்கிப் படுத்திருந்தேன். நர்ஸ் ஒருத்தங்க உள்ளங்கையை என் வயித்துல அழுத்தி வெச்சுக்கிட்டு, "இப்ப ஒரு வளைவு வருது, இருபது செகண்ட் இழுக்கும், அப்புறம் விட்டுடும்"னு சொன்னாங்க. இழுத்துச்சு. நான் மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே இருந்தேன், பதினேழுல விட்டுடுச்சு. அடுத்த வளைவுல யாரும் எதுவும் சொல்லல, அநேகமா இழுவை அதைவிடக் கம்மிதான், ஆனா அதுதான் எனக்கு பெருசா தெரிஞ்சுச்சு, இது எதுனால வருது, எப்ப நிக்கும்னு தெரியாததால.

அதனாலதான் 'ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க'ன்னு தோளைத் தட்டி அனுப்புறதுல எனக்கு நம்பிக்கை இல்ல. அது நிச்சயமில்லாமையைத் துளி கூடக் குறைக்கல. என்ன நடக்கும், எந்த வரிசைல நடக்கும், எவ்வளவு நேரம், கையைத் தூக்கினா நிறுத்துவாங்களா, காத்துக்குப் பதிலா கார்பன் டை ஆக்ஸைடு அடிக்கிறாங்களா (அது குடல்லேர்ந்து ரத்தத்துக்குப் போய் மூச்சு வழியா வெளிய வந்துடும், உப்பிசம் சீக்கிரம் அடங்கும்), செடேஷன் எந்த அளவு, இதெல்லாம் கேட்டுத் தெரிஞ்சுக்கிறதுதான் திருகைக் கீழ இறக்குது. முன்கூட்டியே வீடியோ காட்டி விளக்குறது, பிடிச்ச பாட்டு கேக்க விடுறது இதெல்லாம் பதட்டத்தைக் குறைக்குதுன்னு பல ஆய்வுகள்ல வந்திருக்கு, எல்லாத்துலயும் இல்ல, ஆய்வுகள் பெரும்பாலும் சின்னது. ஏன் சின்னதுன்னா ஹெட்ஃபோனுக்கும் பத்து நிமிஷப் பேச்சுக்கும் பேட்டன்ட் கெடையாது, விக்கிறதுக்கு எதுவும் இல்லாத இடத்துல கம்பெனிகள் பணம் போட மாட்டாங்க, அரசு நிதிதான் போடணும். போடணும்னு நான் உறுதியா நெனைக்கிறேன், ஏன்னா பதட்டத்தால டெஸ்ட்டைத் தள்ளிப்போட்டு, பாலிப்பா இருந்தப்ப எடுத்திருக்க வேண்டியதை முத்தவிட்டுட்டு வர்றவங்க இருக்காங்க.

முடிஞ்சப்புறம் ஞாபகத்துல என்ன தங்குதுங்கிறது தனி விஷயம். டொனால்ட் ரெடல்மையரும் டானியல் கானமனும் 1996ல வெளியிட்ட ஆய்வுல 154 பேரை, டெஸ்ட் நடக்கிறப்பவே நிமிஷத்துக்கு ஒரு தடவை வலிக்கு மார்க் போட வெச்சாங்க. சிலருக்கு சில நிமிஷத்துல முடிஞ்சுது, சிலருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல. பின்னாடி 'மொத்தமா எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு'ன்னு கேட்டா அந்த பதில் எவ்வளவு நேரம் ஆச்சுங்கிறதோட ஒட்டவே இல்ல, உச்சகட்ட வலியோடயும் கடைசி சில நிமிஷத்தோடயும்தான் ஒட்டிச்சு. 2003ல அடுத்தது, 682 பேர், அதுல பாதிப் பேருக்கு வேலை முடிஞ்சப்புறமும் ட்யூபை உடனே உருவாம நுனியை ஆசனவாய் பக்கத்துல அசைக்காம கொஞ்ச நேரம் வெச்சிருந்தாங்க. அந்த நேரமும் அசௌகரியம்தான், ஆனா வலி கம்மி. மொத்த அசௌகரியம் கூடியிருக்கு, ஆனா அவங்கதான் டெஸ்ட் அவ்வளவு மோசமில்லன்னு சொன்னாங்க.

அக்காவுக்கு இதையெல்லாம் போன்ல ஒரு மணி நேரம் சொன்னேன். ஒரு பேப்பர்ல கேள்விகளை எழுதிக்கிட்டுப் போனாங்க, ஒவ்வொரு வளைவுக்கும் முன்னாடி சொல்லிடுங்கன்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கிட்டாங்களாம், அவரும் சொன்னாராம். ரெண்டு சின்ன பாலிப் எடுத்திருக்காங்க, எடுத்தது தெரியவே இல்லையாம். எவ்வளவு நேரம் ஆச்சுக்கான்னு கேட்டேன், "பத்து நிமிஷம் இருக்கும்டா"ன்னாங்க. வெளிய உக்காந்திருந்த அவங்க பொண்ணு கணக்குப்படி முப்பத்தஞ்சு. நடுவுல ஒரு இடத்துல நல்லா இழுத்துச்சுன்னாங்க, அப்புறம் எல்லாம் முடிஞ்சு நர்ஸ் போர்வையை இழுத்து கால் வரைக்கும் மூடிவிட்டாங்களாம், அதை ரெண்டு தடவை சொன்னாங்க.