ஆற்றல் வினைத்திறன் சான்று

லண்டனில் வீடு விற்கும் உறவினரோடு பேசினால் 'ஈ.பி.சி. எடுத்தாச்சா' என்ற பேச்சு வந்துவிடும். எனர்ஜி பெர்ஃபோமன்ஸ் சேர்ட்டிபிகேட் என்பதன் சுருக்கம் அது. வீட்டின் சுவர், கூரை, யன்னல், வெப்பமூட்டி எல்லாவற்றையும் பார்த்து, அதன் சக்திச் செலவைக் கணித்து, ஏ முதல் ஜி வரை தரமிடும் தாள். 2002இல் ஐரோப்பிய ஒன்றியம் விதித்த பணிப்புரையில் பிறந்து, 2007இல் இங்கிலாந்துக்கு வந்தது. பத்து ஆண்டுகள் செல்லும். 2018 ஏப்ரல் முதல் அங்கே, விலக்குப் பெற்றாலொழிய, ஈ தரத்துக்குக் கீழுள்ள வீட்டைப் புதிதாக வாடகைக்கு விட முடியாது.

இதைத் தமிழில் 'ஆற்றல் வினைத்திறன் சான்று' எனலாம். ஏன் இந்தச் சொற்கள்? எனர்ஜியின் வேர் கிரேக்கம். 'எர்கொன்' என்றால் வேலை; 'எனெர்கேயா' வேலையில் இருக்கும் நிலை. அரிஸ்டாட்டில் மெய்யியலில் கையாண்ட சொல்லை 1807இல் தோமஸ் யங் இயற்பியலுக்குக் கொண்டுவந்தார். நம் 'ஆற்றல்' இதற்கு வெகு கிட்ட நிற்கிறது. ஆற்று என்றாலே செய் என்பதுதானே: பணியாற்று, உரையாற்று, கடமையாற்று.

இலங்கைப் பாடநூல்களில் எனர்ஜி 'சக்தி', பவர் 'வலு'. அரச பெயர்ப்பலகைகளில் இரண்டும் ஒட்டி 'வலுசக்தி' ஆகிவிட்டன. கொழும்பில் பழகிய சொல்தான். ஆனால் இந்தச் சான்று அளப்பது வலுவை அல்ல. அந்த 'வலு' இங்கே வீண் சுமை.

தமிழ்நாட்டில் 'ஆற்றல் திறன்' என்பார்கள். அங்குள்ள இயற்பியல் நூல்களில் திறன் என்பதே பவர், ஆகவே பொருள் குழம்பும். நம்மிடம் 'வினைத்திறன்' என்ற அருமையான சொல் இருக்கிறது: குறைந்த செலவில் வேலையை முடிப்பது. எண்ணிய பலனை எட்டுவது 'விளைதிறன்'. ஓரிரு எழுத்துத்தான் வேறுபாடு, செய்திகளில் இரண்டையும் மாற்றி எழுதுவதைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. வினை என்பதும் எர்கொன் என்பதும் ஒன்றே என்பதால் ஆற்றலோடு அது இயல்பாகப் பொருந்துகிறது.

சரி, சொல் இருக்கிறது, பொருள் இங்கே இருக்கிறதா? இலங்கையில் சக்தி வினைத்திறன் மிக்க கட்டடங்களுக்கான நடைமுறைக் கோவை 2008இலேயே வந்தது. ஆனாலும் வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு வாங்குவோர் கேட்பது உறுதிப் பத்திரம், நில அளவைப் படம், அனுமதித்த வரைபடத்தின்படி கட்டியதென மாநகர சபை தரும் சான்றான சி.ஓ.சி. இவைதான். கடல் பார்த்த அறை என்று கூடுதல் விலை கொடுக்கிறோம். அது மேற்குப் பார்த்த அறையும்தான். பின்னேர வெயிலில் சுவர் கொதிக்க, இரவு முழுக்க ஏசி ஓடும். முற்பணம் கொடுக்குமுன் போன ஆண்டின் பன்னிரண்டு மின்பட்டியல்களையும் கேட்டுப் பாருங்கள்.