நிரப்பூசியா, வளர்ச்சி ஊசியா?

சென்ற வாரம் ஒரு மருத்துவமனையின் ஒப்புதல் படிவம் மெய்ப்புப் பார்க்க வந்தது. ஆணுறுப்பின் பருமனைக் கூட்டப் போடும் ஃபில்லர் ஊசிக்கான படிவம். மூன்று பக்கத்தில் பதினோரு இடத்தில் ‘வளர்ச்சி ஊசி’. விளம்பரங்களில் பார்த்துச் சலித்த சொல்தான். ஆனால் ஒருவர் கையெழுத்துப் போடும் தாளிலும் அது ஏறிவிட்டதே என்று மனம் ஆறவில்லை.

ஃபில்லர் என்றால் நிரப்புவது, அவ்வளவுதான். பெரும்பாலும் நிரப்பப்படுவது ஹயலூரானிக் அமிலம். 1934இல் கார்ல் மேயரும் ஜான் பாமரும் மாட்டுக் கண்ணின் உள்கூழிலிருந்து பிரித்தெடுத்தது. கண்ணாடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வந்தது. நம் தோலிலும் மூட்டிலும் இயல்பாகவே இருக்கிறது, நீரைப் பிடித்து வைக்கும்.

சரி, இதில் வளர்ச்சி எங்கே? பயிர் வளர்கிறது, பிள்ளை வளர்கிறது, நகம் வளர்கிறது. உள்ளிருந்து வருவதைத்தான் தமிழ் வளர்ச்சி என்கிறது. இதுவோ வெளியிலிருந்து கொண்டுபோய்த் தோலுக்கடியில் வைத்த கூழ். பஞ்சு அடைத்த தலையணையை வளர்ந்த தலையணை என்று யாரும் சொல்வதில்லை. அந்தத் தலையணையே நாளானால் பஞ்சு ஒரு பக்கம் ஒதுங்கி, கைக்குக் கட்டிகட்டியாகத் தட்டுப்படும். இந்த ஊசியிலும் கூழ் இடம் மாறலாம், முடிச்சு விழலாம், ஒரு பக்கம் மட்டும் புடைக்கலாம். கிருமித்தொற்று வரலாம், அரிதாக ரத்தக் குழாய் அடைபட்டுத் தோல் அழுகவும் கூடும். ஒன்றும் நேராவிட்டாலும் உடல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். வேண்டாமென்றால் ஹயலூரானிடேஸ் என்ற நொதியைப் போட்டு மருத்துவரே கரைக்கலாம். ‘வளர்ச்சி’ என்று படித்தவர் இதில் எதை எதிர்பார்த்திருப்பார்? நீளம் கூடும், நிலைத்து நிற்கும் என்றுதான் நினைப்பார். கூடுவது சுற்றளவு மட்டுமே. விறைத்த நிலையின் நீளம் கூடாது.

இதே ஃபில்லரை ‘ஆண்மை ஊசி’ என்பது இதைவிட மோசம். விறைப்புக் குறைபாட்டுக்குப் போடும் அல்ப்ரோஸ்டாடில் ஊசியையும் மக்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். அது ரத்தக் குழாயைத் தளர்த்தி விறைப்பை உண்டாக்கும். நாலு மணி நேரம் தாண்டியும் அடங்காவிட்டால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஃபில்லருக்கும் விறைப்புக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு மருந்துக்கு ஒரே பெயர் வைப்பது ஆபத்து.

‘நிரப்பூசி’ என்பதே என் சொல். தடுக்கும் ஊசி தடுப்பூசி ஆனது போல. திருக்குறளில் நிரப்பு என்றால் வறுமையாயிற்றே என்று நண்பர் ஒருவர் மறுத்தார். உண்மைதான், ‘நெருநலும் கொன்றது போலும் நிரப்பு’ என்று குறள் இருக்கிறது. ஆனால் குடத்தை நிரப்பு என்றால் இன்று எந்தப் பிள்ளைக்கும் புரியும். இன்னொன்று, நிரப்பூசி என்றதுமே ‘எதை நிரப்புவீர்கள்?’ என்று கேட்கத் தோன்றும். கேட்க வேண்டிய கேள்வி அதுதான். 1899இல் வியன்னாவில் ராபர்ட் கெர்சுனி என்ற அறுவை மருத்துவர், விரைகளை இழந்த ஒருவருக்கு அந்த இடத்தில் வாசலைனைச் செலுத்தினார். அப்புறம் பாரஃபின், சிலிக்கோன் எண்ணெய் என்று எதையெதையோ உறுப்பில் ஏற்றிக்கொண்டவர்கள் உண்டு. இறுகிய கட்டிகளும் புண்களும் மிஞ்சின. பலருக்குத் தோலோடு வெட்டியெடுக்க வேண்டியதாயிற்று. ஹயலூரானிக் கூழுக்கு அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2003இல் முதலில் அனுமதி தந்ததும் முகச்சுருக்கத்துக்குத்தான். ஆணுறுப்பைப் பருமனாக்க என்று எந்த நிரப்பூசிக்கும் அது அனுமதி தந்ததில்லை.

மொழிபெயர்ப்பவர்கள் பொருளை விட்டுவிட்டு விளம்பரத்தின் ஆசையைத் தமிழாக்குகிறார்கள். ‘முடி மறுபிறவி’, ‘இளமை ஊசி’ எல்லாம் இந்த வழியில் வந்தவைதான். அழகாக இருக்கிறது என்று நாமும் விட்டுவிடுகிறோம்.

படிவத்தின் முதல் வரியை இப்படித் திருத்தி அனுப்பினேன்: ‘சுற்றளவைச் சில காலத்துக்குக் கூட்டும் நிரப்பூசி. நிரப்பப்படும் பொருள்: ஹயலூரானிக் அமிலக் கூழ். நீளம் கூடாது.’