முட்டையை எத்தனை மணிக்கு உரித்தீர்கள்?

"வேகவச்ச முட்டைதானே டாக்டர், அதுல என்ன கிருமி இருக்கப் போகுது?"

டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த எட்டு வயதுப் பையனின் அம்மா கேட்டார். மே மாதம், ஞாயிற்றுக்கிழமை இரவு. மாலையில் பையனுக்குப் பிறந்தநாள் விழா. யூடியூபைப் பார்த்து டெவில்டு எக் செய்திருக்கிறார். சாப்பிட்ட மூன்று மணி நேரத்துக்குள் நான்கு குழந்தைகளுக்கும் ஒரு தாத்தாவுக்கும் வாந்தி.

"பழைய முட்டையும் இல்ல. தண்ணியில போட்டுப் பாத்தேன், ஒண்ணுகூட மிதக்கல."

மிதந்தால் முட்டைக்கு வயதாகிவிட்டது, உள்ளே காற்றறை பெருத்துவிட்டது என்று பொருள். கிருமியைப் பற்றி அந்தச் சோதனை எதுவும் சொல்லாது. நான் கேட்டது வேறு: முட்டையை எத்தனை மணிக்கு உரித்தீர்கள்? காலை பதினொன்றுக்கு. கேக் வெட்டியது மாலை ஐந்தரைக்கு. ஃப்ரிட்ஜ் முழுக்கக் கேக். அதனால் தட்டு சாப்பாட்டு மேசையிலேயே இருந்திருக்கிறது. அவருடைய ஆட்காட்டி விரலில் ஒரு பிளாஸ்திரி. முந்தின நாள் மாங்காய் நறுக்கும்போது பட்டதாம்.

டெவில்டு எக் அமெரிக்கர்களின் விருந்துப் பண்டம். ஈஸ்டருக்கு அநேக வீடுகளில் இருக்கும். அதை அடுக்குவதற்கென்றே குழி குழியாகத் தட்டு விற்கிறார்கள். பேய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. காரசாரமாகச் செய்ததை 'டெவில்' என்று சொல்வது 18ஆம் நூற்றாண்டு ஆங்கில வழக்கம். இலங்கையில் 'டெவல்' சாப்பிட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முட்டையை வேகவைத்துப் பாதியாக வெட்டி, மஞ்சள் கருவை மயோனைஸ் (முட்டையும் எண்ணெயும் அடித்துச் செய்த சாஸ்), கடுகு பேஸ்ட், வினிகர், மிளகுத்தூளோடு மசித்து, வெள்ளைக் கருவின் குழியில் திரும்ப நிரப்புவார்கள்.

கவனித்தால், அடுப்பை அணைத்த பிறகுதான் முக்கால்வாசி வேலையும். உரிப்பது, வெட்டுவது, மசிப்பது, நிரப்புவது எல்லாமே கைவேலை. அதன்பின் அதைச் சூடே தொடுவதில்லை. நம் முட்டைக் குழம்பு அப்படியல்ல. உரித்த முட்டை மறுபடி கொதியில் விழுகிறது.

ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி பலருடைய மூக்கிலும் தோலிலும் சாதாரணமாகவே இருக்கும். வெட்டுக்காயத்தில் இன்னும் அதிகம். மசித்த மஞ்சள் கருவுக்குள் போய், மே மாத வெயிலில் சில மணி நேரம் கிடைத்தால் பெருகி நஞ்சை உண்டாக்கிவிடும். ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி. கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, நான் எடுக்கவில்லை. ஆனால் அந்த மூன்று மணி நேரம் என்ற கணக்கே இதைத்தான் காட்டியது.

முட்டையில் வரும் இன்னொரு கிருமியான சால்மோனெல்லா வேறு ரகம். பொதுவாக 6 முதல் 72 மணி நேரம் கழித்து, காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாக வரும். கோழியின் சினைப்பையிலிருந்தே முட்டைக்குள் வந்துவிடக்கூடியது என்பதால், ஓடு சுத்தமாக இருப்பது மட்டும் போதாது. மஞ்சள் கரு கெட்டியாகும்வரை, கொதிநீரில் 10 முதல் 12 நிமிடம் வேகட்டும். வேகாத முட்டையில் இந்தமாதிரிக் கிருமி இருக்கலாம் என்பதால்தான், பச்சை முட்டை மயோனைஸைக் கேரளம் 2023 ஜனவரியிலும், தெலங்கானா 2024 அக்டோபர் இறுதியிலும் தடை செய்தன. 2025 ஏப்ரலில் தமிழக அரசும் ஓராண்டுத் தடை போட்டது. தடையெல்லாம் கடைக்குத்தான். நம் வீட்டு மிக்ஸியை யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? இந்தப் பண்டத்துக்குச் சீல் வைத்த பாட்டில் மயோனைஸ் வாங்குங்கள். அதன் புளிப்பு கிருமியை அடக்கும். ஆனால் ஆறு மஞ்சள் கருவில் கலந்ததும் அந்தப் புளிப்பு நீர்த்துவிடும். பாட்டிலை நம்பித் தட்டை வெளியே வைக்காதீர்கள்.

வெந்த முட்டையைக் குடிக்கிற தண்ணீரிலேயே ஆறவையுங்கள். ஆறும்போது முட்டை சுருங்கி, ஓட்டின் நுண்துளைகள் வழியே வெளித் தண்ணீரை உள்ளே இழுக்கும். பாத்திரம் ஊறிய சிங்க் தண்ணீர் வேண்டாம். கோழி வெட்டிய பலகை வேண்டாம். கையில் காயமிருந்தால் வேலையை வேறொருவரிடம் கொடுங்கள், ஆளில்லாவிட்டால் கையுறை. வெள்ளைக் கருவையும் மசியலையும் தனித்தனி டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்து, விருந்தினர் வந்தபின் நிரப்பலாம். தட்டில் ஆறேழு வைத்தால் போதும், தீர்ந்ததும் அடுத்தது. வெளியே இரண்டு மணி நேரம்தான். வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம். நம்மூர்க் கோடையில் அந்த ஒரு மணி நேரத்தையே கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு நாள் ஃப்ரிட்ஜில் தாங்கும் என்று அமெரிக்க வழிகாட்டிகள் சொல்லும். கரண்ட் போய்ப் போய் வரும் வீட்டில் மறுநாளோடு முடித்துவிடச் சொல்வேன்.

வாந்தி வந்துவிட்டால் ஓஆர்எஸ், பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில், வாய் வாயாக. மலத்தில் ரத்தம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, குழந்தை துவண்டு கிடக்கிறது என்றால் உடனே மருத்துவமனை. மெடிக்கலில் பேதியை நிறுத்தும் மாத்திரை கேட்டு வாங்கிக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். கர்ப்பிணியும் முதியவரும் காத்திருக்க வேண்டாம்.

அன்றிரவு பையன் கண்ணயர்ந்ததும் அவன் அப்பா மெதுவாக வந்து கேட்டார்: "கேக் காலியானதும் மிச்சத்த ஃப்ரிட்ஜ்ல வச்சோம், இன்னும் பத்து இருக்கு. சூடு பண்ணிச் சாப்பிட்டுடலாமா சார்?"

சூட்டில் கிருமி சாகும், அது விட்டுப்போன நஞ்சு சாகாது. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகக் கொட்டிவிடச் சொன்னேன்.