ஜொங்ச்சியூ ஜியே: தமிழில் என்ன சொல்லலாம்?

செப்டம்பர் வந்தாலே சிங்கப்பூர்க் கடைகளில் மூன்கேக் என்னும் சீனப் பலகாரப் பெட்டிகளை அடுக்கிவிடுவார்கள். சாயங்காலம் பிள்ளைகள் காகித விளக்கை ஏந்திக்கொண்டு அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தைச் சுற்றிவருவார்கள். இங்கே பேச்சில் இந்தச் சீன விழா ‘மூன்கேக் பண்டிகை’. எழுத உட்கார்ந்தால் ‘நடு இலையுதிர்காலத் திருவிழா’ ஆகிவிடுகிறது. இந்த இரண்டாவது பெயர் எனக்கு நெடுநாளாக உறுத்துகிறது.

சீனப் பெயர் ‘ஜொங்ச்சியூ ஜியே’. மூன்றே எழுத்து.

‘ஜொங்’ என்றால் நடு. சீனர்கள் தங்கள் நாட்டைச் சொல்லும் ‘ஜொங்குவோ’ என்ற பெயரில் வருவதும் இதே சொல்தான். ‘ச்சியூ’ ஒரு பருவத்தின் பெயர். அந்த எழுத்தில் இடப்பக்கம் தானியப் பயிரைக் குறிக்கும் உரு, வலப்பக்கம் தீயைக் குறிக்கும் உரு. விளைச்சல் முற்றும் காலம் அது. இலையும் இல்லை, உதிர்வதும் இல்லை. ‘இலையுதிர் காலம்’ என்று நாம் எழுதுவது ஆங்கிலத்தின் வழியாக வந்த பழக்கம்.

‘ஜியே’ எனக்கு மிகப் பிடித்த எழுத்து. அதன் முதற்பொருள் மூங்கில் கணு. வருடம் ஒரு நீண்ட மூங்கில் என்றால், பண்டிகைகள் அதன் கணுக்கள். நம் பஞ்சாங்கத்தில் வரும் ‘பர்வம்’ என்ற வடசொல்லுக்கும் கணு, பௌர்ணமி, விழா நாள் என எல்லாப் பொருளும் உண்டு. இவ்வளவு தூரத்தில் இருக்கும் இரண்டு மொழிகள் ஒரே மூங்கிலைப் பார்த்து யோசித்திருக்கின்றன!

சரி, எதற்கு நடு? சீனச் சந்திர நாட்காட்டியில் 7, 8, 9 ஆகிய மூன்று மாதங்கள் ச்சியூ பருவம். அதில் 8ஆம் மாதம் 15ஆம் நாள் நட்டநடுவில் விழுகிறது. பழைய சடங்கு நூலான ‘சௌ லி’யில் ஜொங்ச்சியூ என்ற சொல் வருகிறது, ஆனால் அங்கே பேசப்படுவது பருவ நடுவில் இரவில் மண்பறை கொட்டிக் குளிரை வரவேற்கும் சடங்கு. தாங் அரச மரபின் காலத்தில் நிலா பார்க்கும் வழக்கம் பரவி, சோங் அரச மரபின் காலத்தில் (960–1279) பெரிய விழாவாக நிலைத்தது. சீனாவில் 2008 முதல் அரசு விடுமுறையும் உண்டு.

நம் கணக்கில் இந்த நாள் ஆவணிக் கடைசியிலோ புரட்டாசியிலோ வரும். நம் பெரும்பொழுதுகளில் அது கார். மழைக்காலத்தின் பெயரைச் சீனர்களின் அறுவடைப் பருவத்துக்கு வைக்க முடியாது. அடுத்து வரும் கூதிரும் ஐப்பசி, கார்த்திகைக்கு உரியது. ஆகவே பருவத்தைப் பிடித்துக்கொண்டு போனால் தமிழில் வழி அடைபடுகிறது. நிலாவைப் பிடிக்க வேண்டியதுதான்.

அந்த இரவைச் சீனர்கள் ‘துவான்யுவான்’ என்ற சொல்லோடு சேர்த்தே நினைக்கிறார்கள். துவான் என்றால் திரள்வது, யுவான் என்றால் வட்டம். பிரிந்த குடும்பம் ஒன்றுசேர்வதற்கு அதுதான் சொல். ‘துவான்யுவான் ஜியே’ என்பது இந்த விழாவுக்கே இன்னொரு பெயர். போன வருடம் அடுத்த வீட்டுச் சீன ஆன்ட்டி எங்களையும் கூப்பிட்டிருந்தார். மேசையில் தேநீர், உரித்த பம்பளிமாஸ் சுளைகள், நடுவில் ஒரு மூன்கேக். தாமரை விதை விழுதுக்குள் உப்பிட்ட வாத்து முட்டையின் மஞ்சள் கரு, முழு நிலாவைப் போல. நாங்கள் ஏழு பேர். ஆன்ட்டி எட்டுத் துண்டு போட்டார். எட்டாவது மெல்பர்னில் படிக்கும் மகனுக்காம். அதைத் தனித் தட்டில் எடுத்து வைத்துவிட்டுத்தான் எங்கள் பக்கம் தட்டை நகர்த்தினார்.

அன்றுதான் எனக்குச் சொல் கிடைத்தது: நிறை. நிலா நிறைந்தால் நிறைமதி. ஆட்கள் வந்தால் ‘வீடு நிறைஞ்சிருக்கு’ என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். வட்டத்தையும் கூடலையும் ஒரே மூச்சில் சொல்லும் துவான்யுவானுக்கு இதைவிட நெருக்கமான தமிழ் எனக்குத் தெரியவில்லை. எனவே ‘நிறைமதி விழா’ என்றே எழுதலாம் என்பேன். முதல் முறை எழுதும்போது பக்கத்தில் ‘ஜொங்ச்சியூ’ என்று ஒரு தடவை குறித்துவிட்டால் குழப்பம் வராது.

‘விளக்குத் திருவிழா’ மட்டும் வேண்டாம். அது சீனப் புத்தாண்டின் 15ஆம் நாளில் வரும் வேறொரு விழாவுக்கு உரிய பெயர்; நமக்கோ அது கார்த்திகையை நினைவூட்டும்.

அப்புறம் மூன்கேக். சீனத்தில் ‘யுவேபிங்’. பிங் என்றால் தட்டையான வட்டப் பலகாரம். யுவே என்றால் நிலா, மாதம் இரண்டும், நம் ‘திங்கள்’ போலவே. நிலாப் பணியாரம் என்று எழுதிப் பார்த்தேன். பணியாரம் என்றதும் குழிச்சட்டிதான் கண்ணில் வருகிறது. மூன்கேக் என்றே இருக்கட்டும்.