ஓடாத எண்டவருக்கும் வயசாகும்

போன வாரம் பெருந்துறைப் பக்கம் ஹைவேயில் ஒரு ஃபோர்டு எண்டவரின் பின்பக்க டயர் வெடித்தது. வண்டி டிவைடரில் உரசிக்கொண்டு போய் நின்றிருக்கிறது. உள்ளே மூன்று பேர், நல்லவேளை யாருக்கும் பெரிய அடி இல்லை. டோ பண்ணி எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தார்கள். 2016 வண்டி, மீட்டரில் 41,000 கிலோமீட்டர்தான். உரசின இடத்தைத் தவிர உடம்பில் ஒரு கீறல் கிடையாது, பெயின்ட் கண்ணாடி மாதிரி இருக்கிறது. வெடித்த டயரின் பக்கவாட்டைத் துடைத்துப் பார்த்தேன். 4615. அதாவது 2015-ஆம் வருடம் 46-ஆவது வாரத்தில் செய்த டயர், வண்டியோடு வந்த அதே டயர்.

ஓனர் சொன்னார்: "பட்டன் அப்படியே இருக்குதுங்களே. வண்டி ஓடவே இல்லைங்களே!"

பட்டன் என்று அவர் சொன்னது டயரில் ரோட்டைத் தொடும் கட்டைகளை. இதே வார்த்தையை இந்த வருஷத்தில் எத்தனை பேர் வாயில் கேட்டுவிட்டேன். நேரில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் எழுதுகிறேன்.

இந்த வண்டி மேல் உங்களுக்கு இருக்கும் பிரியம் எனக்கு நன்றாகத் தெரியும். மறைமலை நகரில் செய்த வண்டி, நம் ஊர் வண்டி. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்ததும் எனக்கு வந்த போன்கள் கொஞ்ச நஞ்சமல்ல. இனி புதுசு வாங்க முடியாது, அதனால் இருப்பதைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தவர்கள் நிறைய. அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழிதான் என் தலைவலி. வண்டியை ஷெட்டில் விட்டு, நல்ல கவர் வாங்கிப் போர்த்தி, கல்யாணத்துக்கும் பழனிக்கும் மட்டும் வெளியே எடுக்கிறார்கள். ஓடவில்லை, அதனால் தேயவில்லை, அதனால் சர்வீஸ் வேண்டாம் என்று கணக்கு.

தேய்வது வேறு, கெடுவது வேறு. தேய்மானத்துக்குத்தான் கிலோமீட்டர் கணக்கு. கெடுவதற்குத் தேதிதான் கணக்கு. டயர் ரப்பருக்குள் அதைக் காப்பாற்றுவதற்கென்றே மெழுகும் சில ரசாயனமும் கலந்திருக்கிறார்கள். டயர் உருண்டு, வளைந்து நிமிரும்போதுதான் அது மேற்பரப்புக்கு வந்து ரப்பரைப் பாதுகாக்கும். நின்றே இருக்கும் டயரில் அந்த வேலை சரியாக நடக்காது. நம் ஊர் வெயில் வேறு. பட்டன் புதுசு மாதிரியே இருக்கும், உள்ளே ரப்பர் இறுகிப் போயிருக்கும். அதன் மேல் இரண்டு டன்னுக்கும் அதிகமான எடையை ஏற்றி, ஏழு பேரை உட்கார வைத்து, மே மாத மத்தியானத்தில் ஹைவேயில் விரட்டினால் அது எப்படித் தாங்கும்? ஆறு ஏழு வருஷம் ஆன டயரை மாற்றுங்கள். பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றுங்கள். சர்வீஸ் புத்தகத்தில் "இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முதலில் வருகிறதோ அது" என்று போட்டிருக்கிறதே, அந்தப் பின்பாதி வாக்கியத்தை ஏன் யாருமே படிப்பதில்லை?

பிரேக் ஆயிலும் இப்படித்தான். அது காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும், வண்டி நின்றாலும் உறிஞ்சும். டாட் 4 என்ற தரத்து பிரேக் ஆயில் புதுசாக இருக்கும்போது கொதிக்க 230 டிகிரியாவது வேண்டும். ஈரம் ஏறியதற்கு 155 போதும் என்கிற அளவுக்குத் தரக்கணக்கே இறங்கிவிடுகிறது. பிரேக் சூட்டில் ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி சேரும், பெடலை மிதித்தாலும் பிரேக் பிடிக்காது. வால்பாறையிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஆழியாறு வரும்போது பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது என்று ஒருவர் வந்தார். ஆறு வருஷத்து பிரேக் ஆயில். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுகிற சின்னச் செலவு அது.

அப்புறம், "வாரத்துக்கு ஒருநாள் ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் விடறேங்க" என்பவர்களுக்கு. தயவுசெய்து வேண்டாம். அந்த ஐந்து நிமிஷத்தில் எஞ்சின் சூடாவதற்குள் நிறுத்திவிடுகிறீர்கள். உள்ளே சேர்ந்த ஈரம் ஆயிலிலேயே தங்கும், ஸ்டார்ட் பண்ணச் செலவான சார்ஜ் கூட பேட்டரிக்குத் திரும்பாது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை முப்பது கிலோமீட்டர் ஓட்டுங்கள். ஏசி போடுங்கள், நன்றாக பிரேக் பிடியுங்கள், ஃபோர் வீல் டிரைவ் வண்டியாக இருந்தால் மண் ரோட்டில் கொஞ்ச தூரம் அதையும் போட்டு ஓட்டுங்கள்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்கிறேன். 2016 முதல் வந்த 2.2, 3.2 லிட்டர் எஞ்சின் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். ஆயில் மாற்றும்போது "கடைசிச் சொட்டு வரைக்கும் வடியட்டும், ராத்திரி முழுக்க விட்ரு தம்பி" என்று ஆசையாகச் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். வேறு பல வண்டிகளுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. இந்த எஞ்சினில் ஆயிலைத் திறந்துவிட்டால் பத்து நிமிஷத்துக்குள் புது ஆயிலை ஊற்றிவிட வேண்டும். அதற்கு மேல் விட்டால் ஆயில் பம்ப் காற்று வாங்கிவிடும். மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்தால் பம்ப் சுற்றும், ஆயில் ஏறாது. கிணற்று மோட்டார் காற்று வாங்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். இங்கே பேரிங்குகள் காய்ந்து எஞ்சினே ஜாம் ஆகிவிடும். தங்கமாக வைத்திருந்த 3.2 ஒன்று இப்படிப் போனதை இந்தக் கையால் பிரித்துப் பார்த்தேன். மெக்கானிக் பையனுக்கு இந்த விஷயம் தெரியவில்லை. ஆயில், ஃபில்டர் எல்லாம் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு அப்புறம் ஆயில் வடிக்கிற டிரெயின் போல்ட்டில் கை வையுங்கள். 2020-இல் வந்த 2.0 லிட்டர் எஞ்சினுக்கு விஷயம் வேறு: அதில் டைமிங் பெல்ட் ஆயிலில் நனைந்தபடியே ஓடுகிறது. கம்பெனி சொன்ன கிரேடு ஆயில் தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள், நாள் தள்ளிப் போடாதீர்கள்.

உதிரி பாகத்துக்குப் பயந்து வாங்கிக் குவிக்கவும் வேண்டாம். வெளிநாடுகளில் எவரெஸ்ட் என்று ஓடுவது இதே வண்டிதான், ரேஞ்சர் பிக்கப்பும் இதன் கூடப்பிறந்ததுதான். பார்ட் நம்பர் கையில் இருந்தால் எஞ்சின், சஸ்பென்ஷன் சாமான்களைத் தேடிப் பிடித்துவிடலாம். தேட வேண்டியிருப்பது ஹெட்லைட், பம்பர், கண்ணாடி மாதிரி சாமான்களுக்குத்தான். ரப்பர் புஷ், ஹோஸ், பெல்ட் வாங்கி அலமாரியில் அடுக்காதீர்கள், அங்கேயும் அதற்கு வயசாகும்.

பெருந்துறை வண்டிக்கு டயர்கள் மாற்றியாயிற்று. ஸ்டெப்னி நன்றாகத்தானே இருக்கும், அதை விட்டுவிடலாமே என்று கேட்டார். வண்டிக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்ததை இறக்கித் துடைத்தேன். ஒருநாளும் ரோட்டில் உருளாத டயர், முள்முள்ளாகப் பட்டன். அதிலும் 4615-தான், பக்கவாட்டில் கைவிரல் நீளத்துக்கு வெடிப்பு. இன்றைக்குச் சாயங்காலம் டார்ச் எடுத்துக்கொண்டு போய் உங்கள் வண்டியின் ஐந்து டயரிலும் அந்த நான்கு எண்ணைப் பாருங்கள்.